தீவில் தங்கிய அறபு

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலிக்குத் தெற்கே உள்ள சிறு தீவு மால்ட்டா. அங்கு வாழும் கத்தோலிக்க மக்கள் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். தபசு காலத்திற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'ரண்டான்'; அது ரமழான் என்னும் சொல்லின் திரிபு. உயிர்த்த ஞாயிறுக்கு இட்ட பெயரின் பொருளோ 'பெரிய ஈத்' என்பதாகும். இஃது எங்ஙனம் நேர்ந்தது?

கி.பி. 870இல் அறபுப் படை மால்ட்டாவைக் கைப்பற்றியது. வட ஆபிரிக்காவிலும் சிசிலியிலும் வழங்கிய அறபுப் பேச்சு பின்னர் அத்தீவில் வேரூன்றிற்று. 1091இல் நோர்மானியர் வந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இஸ்லாமிய சமூகம் அங்கு இல்லாதொழிந்தது. ஆட்சியும் சமயமும் மாறின. மக்கள் நாவிலிருந்த மொழி மட்டும் மாறவில்லை.

அறபு நாடுகளிலும் பேச்சு ஒரு தன்மையதன்று. 'இப்பொழுது' என்பதைக் கெய்ரோ நகரத்தார் 'தில்வக்தி' என்பர். மொரொக்கோ நாட்டார் 'தாபா' என்பர். எனினும் செம்மொழியில் எழுதுங்கால் இருவரும் 'அல்ஆன்' என்றே எழுதுவர். திருக்குர்ஆனும், எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவிலே கற்ற சீபவைஹி வகுத்த இலக்கணமும் அச்செம்மொழியைக் காத்து நின்றன. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபட்டு நிற்பதை அறிந்த தமிழருக்கு இந்நிலை புதிதன்று.

மால்ட்டாவிலோ அந்தக் கட்டு அறுந்தது. நீதிமன்றமும் கல்வியும் இலத்தீன், இத்தாலியன் மொழிகளைச் சார்ந்தன. கற்றோர் தாய்மொழியைச் சமையலறை மொழியென இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியை ஏற்க மறுத்தவர் மிக்கேல் அன்ரன் வசல்லி. 1791இல் இலக்கணமும் 1796இல் அகராதியும் வெளியிட்ட அவ்வறிஞர், 1825இல் பல்கலைக்கழகத்தில் அம்மொழியின் முதற் பேராசிரியரானார். அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே, 1934இல், அஃது அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அவையிலும் இடம்பெற்றது.

இன்று அம்மொழி இலத்தீன் எழுத்திலே எழுதப்படுகின்றது. சொற்களுட் பெரும்பகுதி சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவை. ஆயினும் அதன் அடித்தளம் அழியவில்லை. அறபியில் 'கதப' என்றால் எழுதினான், 'கிதாப்' என்றால் நூல். மால்ட்டியத்தில் அவை 'கிதெப்', 'க்தீப்' என நிற்கின்றன.

ஏனைய அறபு வழக்குகள் ஒரே செம்மொழியின் நிழலில் அறபாகவே நிலைத்தன. அந்நிழல் நீங்கிய மால்ட்டிய வழக்கோ தனிமொழியாயிற்று. அதனை அதுவரை காத்தவர்கள் புலவரும் மன்னருமல்லர். வீட்டிலும் வயலிலும் அதனைப் பேசிவந்த எளிய மக்களே.