துபாஷிமேல் விழுந்த பழி

கடல்வழி வழக்குகள் – 9

1521ஆம் ஆண்டு மே 1, புதன்கிழமை. பிலிப்பீன்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள செபுவின் துறையில் மூன்று ஸ்பானியக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பவேண்டிய நகைகள் தயாராக இருக்கின்றன, விருந்துண்டு வாங்கிச் செல்லலாம் என்று செபுவின் அரசர் ஹுமபோன் காலையில் சொல்லியனுப்பியிருந்தார். கப்பல்களின் தலைவர்களும் மாலுமிகளுமாக இருபதுக்கு மேற்பட்டோர் கரைக்குப் போனார்கள்.

போன சற்று நேரத்திலேயே இருவர் திரும்பிவிட்டார்கள். ஒருவர் ஜொவாவ் கர்வாலோ என்ற மாலுமி. மற்றவர் கப்பலின் காவல் அதிகாரி எஸ்பினோசா. உடன் வந்த பாதிரியாரை ஊர்க்காரர் ஒருவர் தனியே தம் வீட்டுக்கு அழைத்துப்போனதைப் பார்த்ததும் மனத்தில் ஏதோ உறுத்தியது, வந்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கரையிலிருந்து அலறல் கேட்டது.

நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கப்பல்கள் கரையை நெருங்கின. வீடுகளை நோக்கிப் பீரங்கிகள் வெடித்தன. அப்போது, சட்டை மட்டும் அணிந்த ஒருவரைக் கைகளைக் கட்டி, இரத்தம் வழிய வழியக் கடற்கரைக்கு இழுத்து வந்தார்கள். தலைவர்களில் ஒருவரான செரானோ! சுடாதீர்கள், சுட்டால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று கத்தினார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கப்பலிலிருந்து கேட்டார்கள். எல்லாரும் செத்துவிட்டார்கள், துபாஷி மட்டும் சாகவில்லை என்று பதில் வந்தது. பொருள் கொடுத்து என்னை மீட்டுவிடுங்கள் என்று செரானோ அழுது மன்றாடினார். கர்வாலோ படகை அனுப்பவில்லை. மூன்று கப்பல்களும் பாய் விரித்துக் கிளம்பின. செரானோவை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

இந்தக் காட்சியை எழுதிவைத்தவர் அந்தோனியோ பிகாஃபெத்தா. இத்தாலியின் விசென்சா நகரத்தவர், அந்தப் பயணத்தின் குறிப்பாளர். அன்று அவர் விருந்துக்குப் போகவில்லை. நான்கு நாள் முன்பு நெற்றியில் பட்ட நச்சு அம்பால் முகம் வீங்கிப் படுத்திருந்தார். அந்த வீக்கந்தான் அவர் உயிரைக் காத்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய நூல், கொலைக்குத் திட்டம் போட்டவர் என ஒரே ஆளைச் சுட்டுகிறது. அந்த ஆள்தான் துபாஷி. பெயர் என்ரிக்கே. நம் பக்கத்து ஊரான மலாக்காவிலிருந்து போனவர்.

மலாக்காவில் வாங்கிய ஆள்

1509 செப்டம்பரில் போர்த்துகீசியத் தலைவர் சிக்வேராவின் கப்பல்கள் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தன. அவருடன் வந்தவர்களில் ஃபெர்டினாண்ட் மகெல்லனும் ஒருவர். வணிகம் பேச வந்தவர்களுக்கும் சுல்தானின் அவைக்கும் பகை மூண்டது. கரையில் இருந்த ருய் தெ அராவ்ஜோவும் தோழர்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். கைதிகளுக்கு மறைவாக உதவியவர் அந்த நகரின் பெரிய தமிழ் வணிகர்களில் ஒருவர். போர்த்துகீசிய ஏடுகள் அவரை நினா சட்டு என்கின்றன. நைனா செட்டி என்ற பெயரே அவர்கள் நாவில் அப்படி உருமாறியிருக்க வேண்டும்.

1511இல் அல்புகெர்க்கே மலாக்காவைத் தாக்கிப் பிடித்தார். அந்தப் படையிலும் மகெல்லன் இருந்தார். ஊர் கொள்ளைபோன அந்நாள்களில் அவர் கைக்கு வந்த இளைஞருக்குத்தான் கிறிஸ்தவப் பெயராக என்ரிக்கே என்று சூட்டினார்கள். பெற்றோர் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1519 ஆகஸ்ட் 24ஆம் தேதி செவில் நகரில் மகெல்லன் எழுதிய உயிலில் என்ரிக்கேக்குத் தனி இடம் உண்டு. மலாக்கா நகரில் பிறந்தவர், வயது ஏறக்குறைய 26 என்று அது குறிக்கிறது. அப்படியானால் மலாக்கா வீழ்ந்தபோது அவருக்கு 18 வயது. உயிலின் முக்கியமான வரி அடுத்துத்தான் வருகிறது. தாம் இறக்கும் நாளிலிருந்து என்ரிக்கே அடிமை அல்லர், முழு விடுதலை பெற்றவர். அவர் பிழைப்புக்குத் தம் சொத்திலிருந்து 10,000 மரவேதி காசு தரவேண்டும் என்று மகெல்லன் பணித்திருந்தார்.

உயிலின் மை காய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 20ஆம் தேதி மகெல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினின் சான்லூகர் துறையைவிட்டுப் புறப்பட்டன. மேற்கே போய்க் கிழக்கின் கிராம்புத் தீவுகளை அடைவது நோக்கம். ஏறக்குறைய 240 பேர் ஏறியிருந்தார்கள். என்ரிக்கே துபாஷியாக ஏற்றப்பட்டார்.

பேச்சு புரிந்த நாள்

ஒன்றரை ஆண்டு அவருக்குப் பேச்சு வேலையே இல்லை. தென்னமெரிக்கக் கரையிலோ பசிபிக்கின் தீவுகளிலோ மலாய் அறிந்தவர் எவரும் கிடையாது. 1521 மார்ச் 28ஆம் தேதி, பிலிப்பீன்ஸின் லிமசாவா தீவருகே எட்டுப் பேர் ஏறிய சிறு படகு ஒன்று கப்பலை நோக்கி வந்தது. என்ரிக்கே குரல் கொடுத்தார். படகில் இருந்தவர்களுக்கு அது புரிந்தது!

மகெல்லனுக்கு அந்த நொடியில் விளங்கியிருக்கும். கிழக்கே போய் வாங்கிய ஆள், மேற்கே சுற்றிவந்து தம் மொழி வழங்கும் கடலுக்கே திரும்பிவிட்டார். உலகம் உருண்டை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று அந்தக் கப்பலில் இல்லை.

அன்று மலாய், துறைமுகங்களின் பொதுமொழி. குஜராத்தியும் தமிழரும் ஜாவாக்காரரும் சீனரும் விலைபேசிய மொழி. நம் கப்பல் அதில் காப்பால் ஆனது, கடை கெடாய் ஆனது. இன்றும் தேக்காவில் காய்கறி விற்கும் தமிழரும் வாங்க வரும் மலாய் மாதும் பேசிக்கொள்வதைக் கேட்டால், அந்தப் பழைய சந்தைப் பேச்சின் தொடர்ச்சியை உணரலாம்.

ஏப்ரல் 7இல் கப்பல்கள் செபுவை அடைந்தன. துறையில் ஒரு சயாம் வணிகர் இருந்தார். கோழிக்கோட்டையும் மலாக்காவையும் பிடித்தவர்கள் இவர்கள்தான், கவனமாக இருங்கள் என்று அவர் அரசரை மலாயில் எச்சரித்தார். அருகில் நின்ற என்ரிக்கேக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவர்களைவிட எங்கள் மன்னர் வலியவர் என்று அவர் பதிலுக்கு மிரட்டியதாக பிகாஃபெத்தா எழுதுகிறார். அதுவரை துபாஷி தம் எசமானருக்கு முழு விசுவாசத்துடன்தான் நடந்துகொண்டார்.

ஏப்ரல் 27ஆம் தேதி மக்தான் தீவின் ஆழமற்ற கரையில் லாப்பு-லாப்புவின் வீரர்களோடு நடந்த சண்டையில் மகெல்லன் இறந்தார். உயிலின்படி அந்த நாளோடு என்ரிக்கே சுதந்திர மனிதர்.

சாட்சிகள் முரண்படும் இடம்

பிகாஃபெத்தா சொல்வது இது. சண்டையில் சிறு காயம்பட்ட என்ரிக்கே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். புதிதாகத் தலைமைக்கு வந்த இருவரில் ஒருவர் மகெல்லனின் மைத்துனர் துவார்த்தே பார்போசா. எசமான் செத்ததால் நீ விடுதலை ஆகிவிடவில்லை, ஸ்பெயின் போனதும் எசமானி பெயத்ரீஸுக்கு அடிமையாக இருப்பாய், இப்போது கரைக்குப் போகாவிட்டால் சவுக்கடி கிடைக்கும் என்று அவர் மிரட்டினார். என்ரிக்கே பேசாமல் எழுந்து கரைக்குப் போனார். அரசரிடம் சதி சொன்னார். விருந்து கொலைக்களம் ஆனது.

கதை கச்சிதமாக இருக்கிறது. மற்ற சாட்சிகளையும் அழைத்துப் பார்த்தால்தான் சிக்கல்.

பயணத்திலிருந்து உயிரோடு திரும்பியவர்களை நேரில் விசாரித்து, மாக்ஸிமிலியானுஸ் திரான்ஸில்வானுஸ் என்ற அரசவைச் செயலர் ஒரு நூல் எழுதினார். 1523இல் அது அச்சாகிவிட்டது. அவரும் துபாஷியையே குற்றம் சாட்டுகிறார். ஆனால் துபாஷியைக் கடிந்து மிரட்டியவர் பார்போசா அல்லர், செரானோ என்கிறார். மிரட்டியவர் யார் என்பதிலேயே இரண்டு ஏடுகளும் ஒத்துப்போகவில்லை. பிறந்த ஊரிலும் அப்படித்தான். உயில் மலாக்கா என்கிறது, பிகாஃபெத்தா சுமத்ரா என்கிறார், திரான்ஸில்வானுஸ் கிராம்புத் தீவுகளான மொலுக்காஸ் என்கிறார்.

அதே கப்பல்களில் வந்த ஜெனோவா மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பு இன்னும் தலைகீழானது. மகெல்லனோடு சேர்ந்து துபாஷியும் இறந்துவிட்டார், அதனால் எங்களுக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று என்கிறது அது. அது உண்மையானால் மே 1ஆம் தேதி சதி செய்ய துபாஷி உயிரோடு இருந்திருக்கவே முடியாது.

இன்னொரு ஜெனோவாக்காரர் சொன்ன காரணத்தைப் பீட்டர் மார்ட்டிர் என்ற வரலாற்றாசிரியர் பதிந்தார். கப்பல்காரர்கள் ஊர்ப் பெண்களிடம் நடந்துகொண்ட முறையே கலவரத்துக்குக் காரணம் என்பது அவர் வாக்குமூலம். இதில் துபாஷிக்கு வேலையே இல்லை.

நோக்கம் யாருக்கெல்லாம் இருந்தது என்று பார்த்தால் வரிசை நீள்கிறது. ஹுமபோன் இந்த அந்நியர்களின் வலிமையை நம்பி அவர்கள் பக்கம் சாய்ந்தவர். மக்தானில் அந்த வலிமை ஒரே காலைப்பொழுதில் உடைந்தது. தோற்றவர்களோடு நிற்பது அவர் நாற்காலிக்கே ஆபத்து. கொலைகளால் நேரடிப் பலன் அடைந்தவர் கர்வாலோ. விருந்திலிருந்து பாதியில் திரும்பியவர் அவர், செரானோவை மீட்காமல் கிளம்பியவர் அவர், அடுத்த தலைவர் ஆனவரும் அவரே. தாங்களே எசமானர்களாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் செரானோ கைவிடப்பட்டார் என்று பிகாஃபெத்தாவே வெளிப்படையாக எழுதுகிறார். சில மாதங்களில் மாலுமிகள் கர்வாலோவைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள்.

என்ரிக்கேக்கும் நோக்கம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. எழுத்தில் வாக்களிக்கப்பட்ட விடுதலையை ஒரு மிரட்டலால் பறிக்கப் பார்த்தால் யாருக்கும் இரத்தம் கொதிக்கும். ஆனால் அவருக்கு நோக்கம் இருந்தது என்பதையும் தாண்டி ஏடுகளில் உறுதியான சான்று இல்லை. அரசரிடம் அவர் என்ன பேசினார் என்பதைக் கேட்டு, புரிந்துகொண்டு, பிறகு எழுதிவைத்த கப்பல்காரர் ஒருவரும் இல்லை. மொழி அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

விசாரணை யாருக்குக் கிடைத்தது?

இதே பயணத்தில் ஓராண்டுக்கு முன்பு நடந்த கொலைகளைப் பாருங்கள். 1520 ஏப்ரலில், இன்றைய அர்ஜென்டினாவின் சான் ஹூலியான் துறையில் கப்பல் தலைவர்கள் மகெல்லனுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கஸ்பார் கெசாதா, சான் அந்தோனியோ கப்பலின் துணை அதிகாரி எலோரியாகாவைக் கத்தியால் குத்தினார். அந்தக் காயத்தோடு போராடி ஜூலையில் எலோரியாகா இறந்தார். விக்டோரியா கப்பலின் தலைவர் மெந்தோசாவிடம் எஸ்பினோசா ஒரு கடிதத்தை நீட்டினார். வாங்கிப் படித்துக்கொண்டிருந்தபோதே மெந்தோசாவின் கழுத்தில் கத்தி இறங்கியது. கலகம் அடங்கியபின் மகெல்லன் விசாரணை நடத்தித் தீர்ப்பு எழுதினார். கெசாதாவின் தலையை அவருடைய ஊழியரே வெட்டவேண்டியிருந்தது. எலோரியாகாவின் வாக்குமூலம் முதல் எல்லாம் ஏட்டில் ஏறியது.

1522 செப்டம்பர் 6ஆம் தேதி விக்டோரியா மட்டும் 18 பேருடன் ஸ்பெயின் திரும்பியது. அக்டோபரில் வயதோலித் நகரில் எல்கானோ, ஆல்போ, புஸ்தமாந்தே என்ற மூவரை நீதி அதிகாரி லெகிசாமோ விசாரித்தார். கலகத்தைப் பற்றியும் சரக்குக் கணக்கைப் பற்றியும் மகெல்லனின் மரணத்தைப் பற்றியும் கேள்விகள் இருந்தன. என்ரிக்கே தரப்பைச் சொல்ல அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

சிங்கப்பூரில் கிடைத்த பெயர்

நான்கு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவர் தரப்பை எழுத வந்தவர் சிங்கப்பூரர். ஹருண் அமினுராஷித் 1907இல் தெலுக் குராவில் பிறந்தவர், ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் வாழ்ந்தவர். 1950களின் பிற்பகுதியில் ‘பங்லிமா அவாங்’ என்ற மலாய் நாவலில் என்ரிக்கேயை நாயகன் ஆக்கினார். அவாங் என்பது ஹருணின் கற்பனைப் பெயர்தான். ஆனால் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் அவரை அந்தப் பெயரால்தான் அறிகிறார்கள். செபுவிலிருந்து அவர் மலாக்காவுக்கு எப்படியாவது திரும்பியிருந்தால் உலகை முழுதாகச் சுற்றிய முதல் மனிதர் அவராகவே இருப்பார் என்ற வாதமும் இங்கிருந்தே வலுப்பெற்றது.

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் முனையில் இருக்கிறது இந்திய மரபுடைமை நிலையம். 2018இல் அங்கே மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சி நடந்தது. மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்து, மலாய் பேசி, சிவனையும் விநாயகரையும் வழிபடும் சமூகம் அது. நைனா செட்டியின் காலத்து மலாக்காத் தெருவில் காதில் விழுந்திருக்கக்கூடிய தமிழும் மலாயும் கலந்த பேச்சு, அந்தச் சமூகத்தின் வீடுகளில் இன்னும் எச்சமாக இருக்கிறது. உயில் சொல்வது சரியானால், என்ரிக்கே பிறந்த ஊரும் அந்த மலாக்காவே.

செபுவைவிட்டுக் கிளம்பிய கப்பல்களில் எஞ்சியவர்கள் சுமார் 115 பேர். மூன்று கப்பல்களைச் செலுத்த ஆள் போதவில்லை. போஹோல் தீவருகே கான்செப்ஸியோன் கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டு, மற்ற இரண்டில் ஏறிப் போனார்கள்.

செவில் நகரின் கணக்கர்கள் பின்னாளில் இறந்தவர்களின் பட்டியலைத் தயாரித்தார்கள். 1521 மே 1ஆம் தேதிக்குக் கீழே, விருந்தில் கொல்லப்பட்டவர்கள் என்று 25க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பார்போசா இருக்கிறார், செரானோ இருக்கிறார். அவர்களோடு இன்னொரு பெயரும் இருக்கிறது: என்ரிக்கே, ஊர் மலாக்கா.

(அடுத்த வாரம்: கைதிகளுக்கு உதவிய நைனா செட்டி, போர்த்துகீசியர் ஆட்சியில் பெற்ற பதவியும் 1514இல் தாமே மூட்டிக்கொண்ட தீயும்)