ஒரு பாவனையாளர், இரு சாளரங்கள்

இணையத்தில் விமானப் பயணச்சீட்டு வாங்க முனையும் ஒருவர், ஒரே தளத்தை உலாவியின் இரு சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்வது வழமை. ஒன்றில் சென்னைப் பயணத்தையும் பின்னர் மற்றதில் டுபாய்ப் பயணத்தையும் தெரிவு செய்கிறார். விலைகளை ஒப்பிட்டபின் முதற் சாளரத்துக்குத் திரும்பிப் பணத்தைச் செலுத்துகிறார். திரையில் தெரிந்தது சென்னை. கிடைத்ததோ டுபாய்ச் சீட்டு. இதில் அவர் செய்த தவறு எதுவுமில்லை என்பதே எமது கருத்து. தவறு, அத்தளத்தை அமைத்தவர்களுடையது.

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்.ரி.ரி.பி.க்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் அறியாதவரிடமிருந்து வருவது போன்றே சேவையகத்தை அடைகிறது. இக்குறையைத் தீர்க்க 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருல்லி உருவாக்கியதே குக்கி. சேவையகம் வழங்கும் அடையாள இலக்கத்தை உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் திருப்பி அனுப்ப, பாவனையாளரின் விவரங்கள் அந்த இலக்கத்தின் கீழ் 'அமர்வு' எனப் பேணப்படுகின்றன. ஆயினும் குக்கி உலாவிக்கு உரியது, சாளரத்துக்கு உரியதன்று. இரு சாளரங்களும் ஒரே இலக்கத்தையே காட்டுவதால், பின்னர் தெரிவான பயணம் முந்தியதை அழித்துவிடுகிறது.

மென்பொருட் சட்டகங்கள் பல, அமர்வில் எதையும் ஒரே வரியில் இட்டுவைக்க இடமளிப்பதே இத்தவறு பெருகக் காரணம். இதற்கு மாற்றாக, 2006 இல் வெளியான 'சீம்' என்ற ஜாவாச் சட்டகம் 'உரையாடல்' என்ற எல்லையை முன்வைத்தது. தொடங்கும் ஒவ்வோர் அலுவலுக்கும் தனி இலக்கம். அது குக்கியில் அன்றி, பக்கத்தின் முகவரியிலோ படிவத்திலோ பயணிக்கும். 2009 டிசம்பரில் வெளியான ஜாவா ஈ.ஈ. 6 இதனை நியமமாகவே ஏற்றுக்கொண்டது.

உலாவிகளிலும் இப்போது ஒவ்வொரு தத்தலுக்கும் 'செஷன் ஸ்ரோரேஜ்' என்ற தனிக் களஞ்சியம் உண்டு. எச்.ரி.எம்.எல். நியம ஆவணம் இதன் தேவைக்குக் காட்டும் உதாரணமும் இரு சாளரங்களில் விமானச்சீட்டு வாங்குபவரே. எனினும் தத்தலைப் பிரதி செய்தால் களஞ்சியமும், அதிலுள்ள இலக்கமும் சேர்ந்தே பிரதியாகிவிடும். இதனை அறியாது ஏமாந்த மென்பொருளாளர் பலர்.

ஆகவே எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் தெளிவு தேவை. பாவனையாளர் யார் என்பது அமர்வுக்குரியது; அவர் வெளியேறினால் எல்லாச் சாளரங்களிலும் வெளியேறியவராகவே கொள்ளப்பட வேண்டும். பாதியில் நிற்கும் அலுவல் சாளரத்துக்குரியது. வீட்டுக் கணனியில் ஒரு சாளரத்தில் தந்தையும் மற்றதில் மகனும் உள்நுழைந்தால், தந்தை நிரப்பிய படிவம் மகனின் பெயரிலேயே போய்ச்சேரும் அபாயமும் உண்டு.

'ஒரு சாளரத்தை மாத்திரம் பயன்படுத்துக' என அறிவித்தல் போடுவது பொறுப்பைப் பாவனையாளரின் தலையில் சுமத்துவதாகும். கணக்குக்குரியவர், பயணம், தொகை ஆகியவற்றை இறுதிப் படிவத்திலும் ஏற்றி, சேவையகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் பணத்தைப் பெறாது நிறுத்திக் கேட்பதற்குச் சில வரி நிரலே போதும்.