பட்டினமும் வயலும்: தென்கிழக்காசிய நகரங்களின் சமயநிலை

வங்கக் கடலுக்குக் கிழக்கே, மியன்மார் முதல் பிலிப்பைன்சுத் தீவுகள் ஈறாகப் பரந்து கிடக்கும் நிலப்பகுதியினையும் தீவுக் கூட்டத்தினையும் தென்கிழக்காசியா என்று வழங்குகிறோம். பௌத்தம், இசுலாம், கிறித்தவம், இந்து சமயம் ஆகிய நான்கும் இத்துணை அணுக்கமாக வாழும் நிலப்பரப்பு உலகில் அரிது. நிலநூலார் வரையும் சமயப் படங்களில் மியன்மாரும் தாய்லாந்தும் கம்போடியாவும் ஒரு வண்ணம்; மலேசியாவும் இந்தோனேசியாவும் பிறிதொரு வண்ணம்; பிலிப்பைன்சு மற்றொரு வண்ணம்; பாலித் தீவு ஒரு சிறு புள்ளி. இப்படங்கள் பொய்யல்ல. ஆயினும் முடிவை மட்டுமே அவை காட்டுவன. அம்முடிவு எய்திய வழியை அறிய நகரங்களையே நாம் நாடுதல் வேண்டும்.

இப்பகுதியின் பழைய நகரங்கள் பெரும்பாலும் இருவகையின. ஆற்று முகத்தில் அமைந்து கடல் வாணிகத்தால் வாழ்ந்தன ஒருவகை. உள்நாட்டு நெல்வயல்களின் நடுவே ஏரியும் காலும் கொண்டு வாழ்ந்தன மற்றொரு வகை. நெய்தலும் மருதமும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். எனினும் நம் திணைப் பாகுபாட்டை அந்நாட்டின்மேல் முற்றும் ஏற்றிவிடலாகாது.

பட்டினங்களைப் படைத்தது பருவக்காற்று. தென்மேற்குக் காற்றில் வந்த கலங்கள் வடகிழக்குக் காற்று எழும்வரை திங்கள் பலவாகக் காத்திருந்தன. காத்திருந்த வணிகர்க்கு உறைவிடம் வேண்டியிருந்தது. வழிபடும் இடமும் வேண்டியிருந்தது. சீனத் துறவி இ-சிங் கி. பி. 671-இல் ஸ்ரீவிசயத்தை அடைந்து ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் இருந்தனர் என்றும், இந்தியா செல்ல விழையும் சீனத் துறவியர் முதற்கண் அங்குத் தங்கிப் பயிலுதல் நன்று என்றும் அவர் எழுதினார்.

இத்தகு சிறப்பெய்திய நகரின் பெயரையே வரலாற்றுலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. பாலெம்பாங்கில் போரோபுதூர் போன்றதொரு கற்றளி இல்லை. மரத்தாற் கட்டிய நகரை மூசி ஆற்றின் சேறும் காலமும் விழுங்கின. பாங்காத் தீவின் கல்வெட்டில் 'ஸ்ரீவிசய' என்னும் சொல்லைக் கண்ட டச்சு அறிஞர் கெர்ன் அதனை ஓர் அரசன் பெயர் என்றே கொண்டார். அது நாட்டின் பெயர் என்பதை 1918-இல் பிரெஞ்சு அறிஞர் செதேசு நிறுவினார். அவர்க்குத் துணைநின்ற சான்றுகளுள் சோழர் சாசனங்களும் அடங்கும். தமிழ்க் கல்வெட்டுகளை நம் அரசர் புகழுக்கு மட்டுமே புரட்டிப் பார்ப்பவர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

வயல்நில நகரங்களின் நிலை வேறு. அங்கே உழைப்பாளர் பலர், கல்லும் உண்டு, அரசன் ஆணையும் உண்டு. நடுச் சாவகத்தில் கி. பி. 800-ஐ ஒட்டிப் போரோபுதூரும், ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரம்பானான் சிவன் கோயிலும் எழுந்தன. அங்கோரின் மேற்குப் பேரேரி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உடையது. இங்கெல்லாம் சமயம் அரசனைச் சார்ந்தது. இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட் பின்னர்ப் புத்தர் கோயிலாயிற்று. பௌத்தனாகிய ஏழாம் செயவர்மனுக்குப் பின்னர் அவன் எழுப்பிய கோயில்களில் புத்தர் உருவங்கள் பல செதுக்கி அழிக்கப்பட்டன. அரசு மாறக் கோயிலின் தெய்வமும் மாறியது.

பட்டினத்திலும் அரசன் சமயத்துக்குச் செல்வாக்கு உண்டு. ஆயினும் அங்கு வணிகர் கூட்டங்கள் தத்தம் தெய்வத்தோடு வாழ இடமிருந்தது. கி. பி. 1400-ஐ ஒட்டித் தோன்றிய மலாக்கா இதற்குத் தக்க சான்று. 1511-இல் போர்த்துக்கீசியர் அதனைக் கைப்பற்றியபின் அங்கு வாழ்ந்த தோமே பிரேசு, 84 மொழிகள் அந்நகரிற் பேசப்பட்டன எனக் குறித்துள்ளார். எண்ணிக்கை சற்று மிகையாயினும் ஆகுக. அவர் காட்டும் ஆட்சிமுறை ஐயத்துக்கு இடமில்லாதது. வணிகர்க்கெனச் சாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குசராத்தியர்க்கு ஒருவர், தென்னிந்தியர், வங்காளத்தார், பெகுவினர், பாசையினர் ஆகியோர்க்கு ஒருவர், சாவகத்தார் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பாவினர் முதலியோர்க்கு ஒருவர். வந்தவர் தம் இனத்தோடும் சமயத்தோடும் வாழ்வதையே நகரின் அமைப்பாக்கிய முறை இது. அரசன் இசுலாமியன் ஆனபின்னரும் இம்முறை நிலைத்தது. பிற்காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியில், 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் 1781-இல் தோன்றிய பொய்யாத விநாயகர் கோயிலும் அருகருகே அமைந்தன. அவற்றினும் பழைய சீனக் கோயிலும் அண்மையிலேயே உள்ளது. அப்பள்ளிவாசலின் கூரை குவிமாடமன்று. அடுக்கடுக்காக உயரும் உள்நாட்டுக் கூரையே.

இவையனைத்தையும் 'இந்தியக் குடியேற்றம்' என்னும் ஒரு சொல்லால் விளக்க முயன்றோர் உளர். நம்மவர் சிலர்க்கு அச்சொல் இனிக்கவும் கூடும். நாம் அதனை உடன்படோம். டச்சு ஆராய்ச்சியாளர் வான் லூர், அந்நாட்டு அரசர்களே தம் தேவைக்கேற்ப அந்தணரை வரவழைத்தனர் எனக் கருதினார். அவர் கூற்று முழுவதையும் ஏலாவிடினும், கொள்வோர் கருத்தின்றிக் கொடை நிகழாது என்பதை மறுத்தற்கில்லை. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த கி. பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிக்கிறது. அவர்கள் அங்குக் கருப்பூரம் கொள்ளச் சென்ற வணிகர், ஆளச் சென்றவரல்லர்.

சமயம் ஒரு திசையிலேயே சென்றதும் இல்லை. கடாரத்தரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றைத் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்த செய்தியை லெய்டன் பெரிய செப்பேடு தெரிவிக்கிறது. அதன்பின் இருபது ஆண்டளவில், கி. பி. 1025-இல், அக்கடாரத்தின்மீதே இராசேந்திரன் படை சென்றது. விகாரமோ அழிக்கப்படவில்லை, அதற்குரிய நிலக்கொடை குலோத்துங்கன் காலத்தும் உறுதி செய்யப்பெற்றது. அந்நகரில் சீனக் கோபுரம் என வழங்கிய செங்கற் கட்டடம் 1867-இல் இடிக்கப்படும்வரை நின்றது. அது கடாரத்தான் விகாரத்தின் எச்சமோ, சீன வணிகர் எழுப்பியதோ என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை.