அச்சத்தை அளந்த வழக்கு: லண்டனில் இலங்கைத் தமிழ் அகதிகள் (1987–1991)

ஒருவர் அகதியாக ஏற்கப்பட வேண்டுமானால், இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற ‘தக்க ஆதாரமுள்ள அச்சம்’ அவருக்கு இருக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை. அந்த அச்சத்தை யார் கண்கொண்டு அளப்பது? ஓடிவந்தவரா, விசாரிக்கும் அரசா? பிரிட்டனில் இக்கேள்வி இலங்கைத் தமிழர் சிலரின் வழக்கில் எழுந்தது.

பிரிட்டன் 1985இல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து போராடினர். உரிய ஆவணமில்லாத பயணிகளை ஏற்றிவரும் நிறுவனங்களுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு விதிக்கும் சட்டமும் அவ்வாண்டே வந்தது.

வழக்குத் தொடர்ந்தவர்களின் விண்ணப்பங்களை உள்துறை மறுத்திருந்தது. இலங்கையில் நடப்பது பொதுவான உள்நாட்டுப் போர். தமிழர் என்பதற்காக இவர்கள் தனியே துன்புறுத்தப்படவில்லை என்பது அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அகதிகள் பக்கம் நின்றது. சராசரி மனத்துணிவுள்ள ஒருவரும் அந்நிலையில் அஞ்சுவார் என்றால் அதுவே போதும் என்றது. 1987 டிசம்பர் 16 அன்று பிரபுக்கள் அவை அதை மாற்றியது. மனத்திலுள்ள அச்சம் போதாது, திரும்பினால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரருக்கே தெரியாத தகவல்களையும் அமைச்சர் கணக்கில் கொள்ளலாம் என்றும் கூறியது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் முன்வைத்த வாதம் ஏற்கப்படவில்லை.

1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். மேல்முறையீட்டு உரிமை இருந்தது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும். மாணவனை முதலில் பள்ளியைவிட்டு அனுப்பிவிட்டு, பிறகு மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கச் சொல்வதுபோல எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் இல்லாமலே லண்டனில் வழக்கறிஞர்கள் வாதாடினர். 1989 மார்ச்சில் குடியேற்ற மேல்முறையீட்டு நடுவர், அவர்களின் அச்சம் ஆதாரமுள்ளதே என முடிவு செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். இடைப்பட்ட காலத்தில் தாங்கள் தாக்கப்பட்டதாகச் சிலர் கூறினர்.

ஐவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றனர். 1991 அக்டோபர் 30 அன்று, பிரிட்டன் உரிமை மீறல் எதையும் செய்யவில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பிற இளந்தமிழர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இருந்ததாக அனுப்பும்போது தெரியவில்லை என்பதே காரணம். அதாவது, எல்லோருக்கும் பொதுவான ஆபத்து ஒருவருக்குரிய ஆதாரமாகாது. நாட்டை விட்டு அனுப்பப்படுவதற்கு முன்பே மேல்முறையீடு செய்யும் உரிமையைப் புகலிடம் கேட்போருக்குப் பிரிட்டன் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அளித்தது.