நம்பர் பிளேட்டைப் பார்த்து வயசு சொல்லுவோம்

ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சதும் கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கடுகண்ணாவைக்கு ஐந்தாறு பைக்குகளில் போவது எங்கள் வழக்கம். டோசன் கோபுரத்தைத் தாண்டி, மலை இறங்குவதற்கு முன்னால் ஒரு கடையில் பிளேன்டீயும் வடையும். பைக்கை ஓட்டுவதைவிட ஆளை ஓட்டுவதுதான் அங்கே அதிகம்.

சைட் ஸ்டாண்டை மடக்காமல் முதல் வளைவு வரைக்கும் போனவன் ஒருத்தன். பேராதனையில் போட்ட சிக்னலை அணைக்காமல், கடுகண்ணாவை வரைக்கும் வலது பக்கம் திரும்பிக்கொண்டே வந்தவன் இன்னொருத்தன். பெற்றோல் முடிஞ்சு வண்டி நின்றதும் ரிசர்வுக்குத் திருப்பப் போய், போன வாரமே அது ரிசர்வில்தான் இருந்தது என்று கண்டுபிடித்தவன் மூன்றாமவன். அது நான்.

அடுத்தது வண்டிகளின் வயசு.

"மச்சான், உன் பைக்குக்கு ஓட்டுப் போடுற வயசு வந்து எத்தனை வருசம்?"

"ஓட்டா? அது பென்ஷன் எடுக்குது!"

ஆள் வயசை மறைக்கலாம், வண்டி மறைக்க ஏலாது. இலங்கையில் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஏறக்குறைய எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பிளேட் வண்டியின் வயசை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஆகப் பழைய வண்டியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பிளேட்டுகளில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. 1957இல் புதிதாகப் பதியும் வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. முந்தின வருசம்தான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. வடக்கில் பலர் தமிழில் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ போட்ட அரசாங்க பஸ்கள் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அந்த எழுத்தில் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க, செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம் வெடித்தது. ஒரு எழுத்து மட்டுமே இதற்கெல்லாம் காரணம் இல்லை. ஆனால் எல்லார் கண்ணிலும் தினமும் பட்டது அந்த எழுத்துதான்.

அதே 1958இல்தான் ஜப்பானில் ஹொண்டா கம்பனி சூப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 2017க்குள் அந்த வகையில் பத்துக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். அதே குடும்பத்துப் பிள்ளைதான் நம்ம எம்.டி. 90. ஜப்பான் தபால்காரர்களுக்காகச் செய்த சிவப்பு வண்டி. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் இங்கே வந்து மரக்கறி மூட்டையும் மூன்று பேரையும் சுமந்தது.

ஸ்ரீக்குப் பிறகு இரண்டு எண்களுக்கு நடுவில் கோடு போட்ட பிளேட் வந்தது. 2000இல் மாகாண எழுத்து சேர்ந்தது. நமக்கு சி.பி., வடக்குக்கு என்.பி. நிர்வாக வசதிக்காகத்தான் போட்டார்கள். ஆனால் அது யுத்த காலம். எங்களோடு வரும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "தம்பி, என்ர பெயரை ஒருத்தனும் கேக்க மாட்டான். பிளேட்டைப் பாத்தோடன கையைக் காட்டி நிப்பாட்டுவான்." 2023இலிருந்து புதுப் பிளேட்டுகளில் மாகாண எழுத்து கிடையாது.

ஏ-9 வீதி கண்டியில்தான் ஆரம்பிக்கிறது. யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். யுத்தத்தில் அது மூடிக் கிடந்த தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் போகவில்லை. அந்த அண்ணனின் ஆட்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை, நாற்றம், கரி பிடித்த பிளக். "எங்கட வண்டி வரமுன்னம் புகை வந்து சேந்திடும்" என்பார்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அப்புறம் எங்களுக்கும் முறை வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய பைக்குகள் புதுசாக வாங்கிய விலையையும் தாண்டி விற்றன. 2021 முடிவில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. ஜூலையில் கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்.

அந்த நாட்களில்தான் எங்கள் கூட்டத்தில் ஆகச் சின்னவன் பெரியப்பாவின் பாடத்தைத் தூசு தட்டி எடுத்தான்: இறக்கத்தில் என்ஜினை அணை, நியூட்ரலில் விடு, பெற்றோல் மிச்சம். பெரியப்பா காலத்துத் தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம் அது. கியரில் இருக்கும்போது என்ஜினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். பழைய டிரம் பிரேக் நேரம் போகப் போகச் சூடாகிப் பிடியை விடும். கடுகண்ணாவை இறக்கத்தில் மூன்றாவது வளைவில் விட்டது. நல்ல காலம், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துக் கானில் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடைக்கு வந்தவனை விட்டோமா?

"மச்சான், மொத்தம் எவ்வளவு பெற்றோல் மிச்சம் பிடிச்ச?"

"ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோக் காசுக்கும் காணாதுடா."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிழை அவன்ர இல்லை. இல்லாமைதான் இதெல்லாம் பழக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு இந்தப் பகிடிகள் வேறு மாதிரிக் கேட்கின்றன. ரிசர்வை மறந்தது என் சோம்பேறித்தனம். அதை வரலாற்றின் தலையில் கட்ட முடியாது. ஆனால் நாற்பது வயசு வண்டியைக் கம்பியால் கட்டிக் கட்டி ஓட்டுவதும், ஒரு சொட்டுப் பெற்றோலுக்காக உயிரைப் பணயம் வைப்பதும் தனி ஆளின் முட்டாள்தனம் மட்டும் இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் பைக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கதை வரும்.

2025இல் இறக்குமதி மறுபடி திறந்தது. கண்டி டவுனில் புது பைக்குகள் தென்படுகின்றன. எங்கள் கூட்டத்தில் இன்னும் ஒருத்தருக்கும் அந்த விலை எட்டவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அதே கிழட்டு வண்டிகள்தான் வரும். நீங்களும் வாங்க, பகிடி பண்ணுங்க, நாங்கள் தாங்குவோம். இறக்கத்தில் மட்டும் ரெண்டாவது கியரை விட்டுடாதீங்க.