பூட்டாத அலமாரி

பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீடு. ஹாலில் ஆளுயர ஷோகேஸ். அதன் மேல்தட்டில், கண்ணாடிக்குப் பின்னால், அம்பாசமுத்திரத்து மரச் செப்பு சாமான் ஒரு செட். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, பானை, கரண்டி... எல்லாம் அரக்குச் சிவப்பிலும் மஞ்சளிலும் மினுமினுக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள் நண்பரின் நாலு வயசு மகள்.

‘‘பாப்பாவுக்கு எடுத்துக் குடுங்களேன்!’’ என்றேன்.

‘‘ஐயோ, தொலைச்சிருவா சார்! வீட்டுக்கு வாறவங்க பாக்கிறதுக்குல்லா வாங்கினது...’’ என்றார் நண்பர்.

விளையாட்டுச் சாமான் யாருக்காக? சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது!

1907, ஜனவரி 6. ரோம் நகரில், சான் லொரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளிகளின் குடியிருப்பு. அப்பா, அம்மா வேலைக்குப் போனதும் சுவரில் கிறுக்கிக்கொண்டும் மாடிப்படிகளில் ஓடிக்கொண்டும் இருந்த வாண்டுகளை ஓர் அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. பொறுப்பு ஏற்றவர், டாக்டர் மரியா மாண்டிசோரி. அவர் கொடுத்த கருவிகளை உயரமான அலமாரியில் பூட்டி வைப்பார் டீச்சர். அவரே எடுத்துத் தருவார். அவரே திரும்ப வாங்கி வைப்பார்.

ஒருநாள் டீச்சர் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வரவும் லேட். வந்து பார்த்தால், அலமாரி திறந்துகிடக்கிறது. சுற்றிலும் பிள்ளைகள். சிலர் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்கள்! ‘என்ன திருட்டுப் புத்தி!’ என்று பதறினார் டீச்சர். மாண்டிசோரிக்கோ வேறொன்று பட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சாமான் எதற்கென்று தெரிந்திருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருக்கிறது!

பூட்டு போனது. பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற குட்டை அலமாரிகள் வந்தன. இன்று மாண்டிசோரி வகுப்புகளில் நாம் பார்க்கிற, கதவில்லாத மரத் தட்டுகளுக்குப் பூர்வீகம் அந்த மறதிதான்.

அந்த அம்மையார் 1939-ன் கடைசியில், 69 வயதில், சென்னைக்கே வந்து சேர்ந்தார். அழைத்தது அடையாறு பிரம்ம ஞான சபை. கூடவே மகன் மரியோ. சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஆனால், 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ‘எதிரி நாட்டுக்காரர்’ என்று மரியோவைக் காவலில் வைத்தது பிரிட்டிஷ் அரசு. ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து வந்த பரிசு... மகனின் விடுதலை! ஆனாலும், போர் முடியும்வரை அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இங்கேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் மாண்டிசோரி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சின்னப் பிள்ளைக்குச் சின்னச் சாமான் என்பது நமக்குப் புதுசா என்ன? காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்களின் மூன்று சக்கரத் தேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், வைத்தீசுவரன் கோயில் முருகனையே தேர் உருட்டச் சொன்னவர்தான்!

அதே ஆற்றின் கரையில் இருக்கிறது அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பட்டறையில் மரத்துண்டு சுழலும். உளி பட்டதும் சீவல் பறக்கும்; கண்ணெதிரே குடமாகும், பானையாகும். சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் பிடித்துக்கொள்ளும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு ஏறும்.

இந்தச் சாமான்கள் அன்றைக்கு ஓலைப்பெட்டியில் இருந்தன. பெட்டிக்கு மூடி உண்டு, பூட்டு கிடையாது. எங்கள் ஆச்சி போட்ட ஒரே சட்டம், ‘‘ஏல, எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கணும்’’ என்பதுதான். மாண்டிசோரி சொன்னதும் அதேதான்! ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சும்மா சமைப்பதுபோல விளையாடுவதைவிட, நிஜத் தண்ணீரைச் சின்னக் குவளையில் ஊற்றுகிற நிஜ வேலைக்கே அவர் முதலிடம் கொடுத்தார்.

வீட்டில் பிள்ளைக்கு அலமாரி செய்கிறீர்களா? ஆசாரியிடம் இப்படிச் சொல்லுங்கள்: உயரம் பிள்ளையின் நெஞ்சுமட்டம் போதும். கதவு வேண்டாம். சிலாம்பு குத்தாமல் இழைத்து, முனைகளை உருட்டிவிட வேண்டும். பிள்ளை பிடித்து ஏறினாலும் சாயாதபடி சுவரோடு முடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஆறேழு சாமான் வெளியே இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். மிச்சத்தை ஓலைப்பெட்டியில் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டினால், பிள்ளை தேடாது, கவிழ்க்கத்தான் செய்யும்! மூன்று வயதுக்குக் கீழே என்றால், வாயில் போட்டு விழுங்கக்கூடிய குட்டிச் சாமான்களை மட்டும் எட்டாமல் வையுங்கள்.

அம்பாசமுத்திரம் செப்பு சாமானுக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால், அந்தக் குறியீடும் இன்னொரு கண்ணாடிப் பெட்டி ஆகிவிடக் கூடாதே என்று ஒரு கவலையும் வருகிறது. ஷோகேஸில் இருக்கும் உலக்கை தேயாது, தொலையாது. அதனால், அந்த வீட்டில் யாரும் இன்னொரு செட் வாங்கப் போவதும் இல்லை.

போன வாரம் நண்பர் போன் பண்ணினார். ‘‘நீங்க சொன்னீங்கன்னு கீழ்த்தட்டுக்கு எறக்கி வச்சேன் சார். முத நாளே உலக்கையைக் காணோம்!’’

‘‘ரொம்ப நல்லது. அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறைக்கு வேலை வந்தாச்சு!’’ என்றேன்.