உணவுப்பாதையின் திசு அமைப்பு

உணவுக்குழல் முதல் மலக்குடல் வரை மனித உணவுப்பாதையை எங்கே வெட்டி நுண்ணோக்கியின்கீழ் வைத்தாலும் நான்கு அடுக்குகள் தெரியும். உட்புறம் சளிப்படலம், அதற்கடியில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் அடித்திசு, அதைச் சூழ்ந்த தசை, வெளியே வழுவழுப்பான சீரப்படலம். மார்புக்குள் ஓடும் உணவுக்குழலுக்குச் சீரப்படலம் இல்லை. அங்கே தோன்றும் புற்றுநோய் அக்கம்பக்கத்து உறுப்புகளுக்கு எளிதில் பரவ இதுவும் ஒரு காரணம்.

தசை உள்ளே வட்டமாகவும் வெளியே நீளவாக்கிலும் அமைந்திருக்கும். இரைப்பையில் மட்டும் சாய்தசை ஒன்று கூடுதலாக உண்டு. உணவுக்குழலின் உட்பரப்பு பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. இரைப்பையின் வாயில் அது சட்டென முடிந்து, ஒற்றை அடுக்குத் தூண் செல்கள் தொடங்குகின்றன. சிறுகுடலின் உட்பரப்பில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றைப் போர்த்திய ஒவ்வொரு செல்லின் முகப்பிலும் ஏறத்தாழ மூவாயிரம் நுண்ணுறிஞ்சிகள் இருக்கின்றன. உணவுப்பாதையின் மொத்த உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர். அது டென்னிஸ் மைதானம் அளவுக்கு விரிந்தது என்று பல நூல்கள் இன்னும் கூறிவருவது மிகை.

இவற்றைக் கண்டறிந்த வரலாறு பதினேழாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் யோஹான் கான்ராட் பேயர் 1677இல் கடைச்சிறுகுடலில் உள்ள திட்டுகளை விவரித்தார். அவை செரிமான நீர் சுரப்பவை என்றே அவர் கருதினார். உண்மையில் அவை நோய்த்தடுப்புச் செல்களின் கூட்டம். அதே நாட்டவரான புருன்னர் 1687இல் முன்சிறுகுடலின் அடித்திசுவில் சுரப்பிகளைக் கண்டு, அவற்றை இரண்டாம் கணையம் என்றே எண்ணிவிட்டார். இரைப்பை அமிலத்தைத் தணிக்கும் காரத்தன்மையுள்ள சளியைச் சுரப்பது அவற்றின் வேலை. இன்றும் தேர்வில் கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் மாணவர் முன்சிறுகுடலை அடையாளம் காண்பது இவற்றைக் கொண்டுதான். குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளை மால்பிகி 1688இலேயே பார்த்திருந்தார். ஆனால் 1745இல் அவற்றை விரித்தெழுதிய லீபர்கூனின் பெயரே நிலைத்தது.

1857இல் மைஸ்னர் அடித்திசுவிலுள்ள நரம்புப் பின்னலைக் கண்டார். தசைகளுக்கு இடையே உள்ள பின்னலை அடுத்த சில ஆண்டுகளில் அவுவர்பாக் கண்டறிந்தார். 1870இல் ஹைடன்ஹைன் இரைப்பைச் சுரப்பியில் இருவகைச் செல்களைப் பிரித்துக் காட்டினார்: அமிலம் சுரப்பது ஒன்று, பெப்சின் நொதியின் முன்வடிவைச் சுரப்பது மற்றொன்று. சிறுகுடல் குழிகளின் அடியில் பளிச்சென்ற மணிகள் நிறைந்த செல்களை 1888இல் விரிவாக ஆராய்ந்தவர் வியன்னாவின் யோசஃப் பேனத். ஃபிராய்டின் நண்பரான அவர் 1890இல் காசநோயால் இறந்தபோது வயது 32. அச்செல்கள் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரப்பவை என்பது அவர் காலத்துக்கு நெடுநாள் பின்னரே விளங்கியது.

இந்தச் செல்களை வேறுபடுத்திக் காண முடிந்ததற்குச் சாய உலகத்துக்கும் பங்கு உண்டு. செல்லின் உட்கருவை நீலமாக்கும் ஹீமாடாக்சிலின், துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட அமெரிக்க மரம் ஒன்றிலிருந்து வருவது. மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும் இயோசினை 1874இல் உருவாக்கியவர் ஜெர்மன் சாயத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹைன்ரிக் காரோ. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை 1876இல் வந்தது. இன்றும் அதுவே வழக்கம். திருப்பூரும் ஈரோடும் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையும் சாயத்தை நன்கறிந்தவை என்பதால், கொங்கு வாசகருக்கு இந்த உறவு புதுமையாக இராது.

குடலை ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. இறந்த சிறிது நேரத்திலேயே குடலின் நொதிகள் அதன் சளிப்படலத்தையே சிதைத்துவிடும். பிணக்கூறாய்வில் கண்ட சிதைவு நோயினால் வந்ததா, இறந்தபின் வந்ததா என்று சொல்ல இயலவில்லை. 1957இல் கிராஸ்பி உருவாக்கிய மாத்திரை வடிவக் கருவி இதைத் தீர்த்தது. நோயாளி அதை விழுங்க, குடலை அடைந்ததும் உறிஞ்சும் விசையால் அது துளித் திசுவை நறுக்கி எடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் இவ்வகைத் திசுத்துணுக்கு ஆய்வு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேரூன்றியது. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்ட ஊர்களில் 'ஸ்ப்ரூ' எனும் கழிச்சல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோரின் குழு அந்த ஊர்களுக்கே சென்று ஆராய்ந்தது. நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, குழிகள் நீண்டு, திசுவில் வெள்ளணுக்கள் குவிந்திருந்தன. கொழுப்பும் ஃபோலேட்டும் பி12 வைட்டமினும் உடலில் சேரவில்லை.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு நோயற்றவர்களிடம் கிடைத்தது. ஐரோப்பிய நூல்களில் விரல்போல நிற்கும் குடலுறிஞ்சிகள், நலமாக இருந்த தென்னிந்தியர்களிடம் இலைபோல அகன்றும் வரப்புகளாக நீண்டும் காணப்பட்டன. இது பிறவிக் கூறன்று. 1969இல் வேலூர்க் குழு வெளியிட்ட பிணக்கூறாய்வில், கருவிலும் பிறந்த புதிதிலும் இங்குள்ள குழந்தைகளின் குடலுறிஞ்சிகளும் விரல் வடிவிலேயே இருந்தன. கிழக்குப் பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் இவ்வாறே மாறி, அவர்கள் ஊர் திரும்பியபின் சீரானது. தூய்மையற்ற நீர் வழியே ஓயாமல் வந்துசேரும் நுண்ணுயிர்களே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. நம் மருத்துவ மாணவர்கள் 'இயல்பு' என்று படிப்பது பெரும்பாலும் வேறு நாட்டாரின் குடல். வேலூரின் முடிவுகள் திசுவியல் பாடத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டியவை. அவை பின்னிணைப்பாகக்கூட வருவது அரிது.

ஈரோட்டை அடுத்த பெருந்துறையில் குடல் திசு ஆய்வு காசநோயோடு தொடர்புடையது. ஊருக்கு வெளியே இன்றும் 'சானடோரியம்' என்று வழங்கும் இடம், காசநோயாளிகளுக்கான மருத்துவமனையாகத் தொடங்கியது. அவ்வளாகத்தில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்திய மருத்துவக் கல்லூரியே அரசு ஏற்றபின் ஈரோடு மருத்துவக் கல்லூரியானது. நுரையீரல் காசநோயாளி தன் சளியை விழுங்கும்போது கிருமி குடலை அடைந்து, பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் தங்கும். டைஃபாய்டுப் புண் பேயர் திட்டின் நீளத்தை ஒட்டி அமையும். காசநோய்ப் புண் குடலைக் குறுக்கே சுற்றி வரும், ஆறும்போது குடலை நெரித்துச் சுருக்கும். அதன் திசுவில் நடுவில் பாலாடைக்கட்டிபோல் சிதைந்த அழற்சி முடிச்சுகளும், 1868இல் லாங்ஹான்ஸ் விவரித்த பல உட்கரு பேருருச் செல்களும் இருக்கும். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயிலும் முடிச்சுகள் உண்டு, ஆனால் அவை சிறியவை, நடுவில் அவ்வாறு சிதையாதவை. காசநோயைக் கிரோன் நோயென்று தவறாகக் கருதி நோய்த்தடுப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த வேறுபாடு இந்திய நோயியலாளருக்கு அன்றாடப் பொறுப்பு.

 பிற்காலத்தில் உள்நோக்கிக் குழாய் கிராஸ்பியின் மாத்திரைக் கருவியின் இடத்தைப் பிடித்துவிட்டது. 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை குடலின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் தண்டுச் செல்கள் பேனத் செல்களுக்கு இடையே உள்ளன என்பதை 2007இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு நிறுவியது.